‘டங்... டங்...’ உங்க வீட்டு மண் பேசுது, கேக்குதா?

நங்கநல்லூர்ல ஏதோ ஒரு தெரு. காலையில் பத்து மணி. ஆஞ்சநேயரை ஒரு சுற்று சுற்றிட்டு, பிரசாதத்தை வாயில போட்டுக்கிட்டு நடந்து வர்றீங்க. தலைக்கு மேல மீனம்பாக்கத்துல இறங்கற பிளைட் ஒண்ணு உறுமிட்டுப் போகுது. போன மாசம் வரைக்கும் திண்ணையும் துளசி மாடமுமா இருந்த ஒரு தனி வீட்டை இப்ப இடிச்சுத் தரைமட்டம் ஆக்கியிருக்காங்க. மூலையில ஒரு மாமரம் மட்டும் மிச்சம். நடு மனையில மூணு கால் இரும்புச் சட்டம் ஒண்ணு நிக்குது. அதுல ஒரு கப்பி, கயிறு, பக்கத்துல ஒரு வின்ச். நாலு பேர் ஒரு இரும்புக் குண்டை மேலே இழுக்கறாங்க, விடறாங்க. இழுக்கறாங்க, விடறாங்க.

டங்... டங்... டங்...

தெருவுல போறவங்க எல்லாரும் எட்டிப் பார்த்துக் கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். “போர் போடறாங்களா? தண்ணி எத்தனை அடியில வந்துச்சு?”

அது தண்ணிக்குப் போடற போர் இல்லீங்க. அந்த மனையில எழும்பப் போற அடுக்குமாடிக்கு மண் பரிசோதனை நடக்குது. நம்ம பாஷையில சொன்னா, சாயில் டெஸ்ட். அந்த ‘டங்... டங்...’ எத்தனை தடவை கேட்டுச்சுங்கிற கணக்குலதான் அந்தக் கட்டடம் பூகம்பத்துல எப்படி நிக்கும்ங்கிறதோட முதல் பக்கம் எழுதப்படுது. சிவில் படிக்கிறவங்க மட்டும் இல்லை. உங்க அப்பா இந்த வருஷம் பழைய வீட்டை பில்டர்கிட்ட கொடுக்கலாம்னு யோசிச்சிட்டிருந்தா, நீங்க பி.காம். படிச்சாலும் இதை முழுசாப் படிங்க.

நம்ம ஊருக்குப் பூகம்பமா?

‘சென்னைக்கும் பூகம்பத்துக்கும் என்ன பாஸ் சம்பந்தம்? அது குஜராத், காஷ்மீர் மேட்டர்’னு நினைக்கிறீங்களா? 2001 வரைக்கும் ஊரே அப்படித்தான் நினைச்சுது.

அந்த வருஷம் ஜனவரி 26. குடியரசு தினக் காலையில குஜராத்தின் புஜ் பகுதியில 7.7 அளவுல பூமி குலுங்கிச்சு. அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கு. ஆனா அங்கேயும் புத்தம் புது அடுக்குமாடிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சுது. விழுந்ததுல நிறைய கட்டடத்துக்குக் கீழ்த்தளத்துல சுவரே கிடையாது, கார் நிறுத்தத் தூண்கள் மட்டும்தான். கீழே இருந்தது சபர்மதி ஆறு காலங்காலமாக் கொண்டு வந்து கொட்டின வண்டல்.

அதே வருஷம் செப்டம்பர் 25, ராத்திரி 8.26. இந்தத் தடவை நம்ம வாசல்லேயே. புதுச்சேரிக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில சுமார் 5.5 அளவுல ஒரு அதிர்வு. சென்னையில ஃபேன் ஆடிச்சு, பாத்திரம் உருண்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க கையைக் கூடக் கழுவாம தெருவுக்கு ஓடி வந்தாங்க. உங்கள்ல நிறைய பேர் அப்ப பிறந்திருக்கவே மாட்டீங்க. வீட்ல அம்மாவைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வாங்க.

2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில சுமத்ரா பூகம்பம். சுனாமி வர்றதுக்கு முன்னாடி, அதிகாலைத் தூக்கத்துல கட்டில் ஆடினதை உணர்ந்த சென்னைக்காரங்க ஏராளம். 2012 ஏப்ரல் 11-ம் தேதி இந்தியப் பெருங்கடல்ல 8.6. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடந்த விஷயம். ஆனா நம்ம ஊர் ஆபீஸ்கள்ல இருந்து ஆயிரக்கணக்கான பேர் படிக்கட்டுல இறங்கி ஓடினாங்க. இன்னும் பின்னாடி போனா, 1900 பிப்ரவரி 8-ம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவுல ஒரு பூகம்பம் வந்திருக்கு. ஆக, ‘தமிழ்நாடு சேஃப்’ங்கிறது முழு உண்மை இல்லை. ‘ரொம்ப நாளாப் பெரிசா எதுவும் வரலை’ங்கிறதுதான் சரி.

புஜ் கத்துக்கொடுத்த பாடத்துக்கு அப்புறம், கட்டடங்களுக்கான பூகம்ப விதிமுறையான ஐ.எஸ். 1893-ஐ 2002-ல திருத்தினாங்க. அதுவரைக்கும் இரண்டாம் மண்டலத்துல இருந்த சென்னை, அந்தத் திருத்தத்துல மூன்றாம் மண்டலத்துக்கு ஏறிச்சு. கணக்குப் போட எடுத்துக்கிற மண்டல எண் 0.10-ல இருந்து 0.16 ஆச்சு. அதாவது, அதே கட்டடம் தாங்க வேண்டிய பூகம்ப விசை ஒரேயடியா ஒன்றரை மடங்குக்கும் மேல!

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நங்கநல்லூர்ல இப்ப இடிபடற பழைய வீடுகள்ல பெரும்பாலானவை அதுக்கு முன்னாடி கட்டினது. அவை ஒரு மாடி, ரெண்டு மாடி, எடை கம்மி. அந்த இடத்துல இப்ப வர்றது கார் பார்க்கிங்குக்கு மேல நாலு, அஞ்சு தளம். மனை அதேதான். மண்ணும் அதேதான். தலையில ஏத்தற சுமைதான் பல மடங்கு.

கடலை மிட்டாயும் கேசரியும்

ஒரு சின்ன சோதனை. ஒரு தட்டுல கடலை மிட்டாய் வைங்க. இன்னொரு தட்டுல சூடா, தளதளன்னு கேசரி. ரெண்டு தட்டையும் பக்கவாட்டுல ஒரே மாதிரி தட்டுங்க. கடலை மிட்டாய் கம்முனு இருக்கும். கேசரி? ஆட்டமா ஆடும்! தட்டினது அதே கைதான், ஆடின அளவுதான் வேற.

பூமிக்குள்ளேயும் அதே கதை. அதிர்வலை பாறை வழியா வேகமா வந்து, மேல இருக்கிற மெத்து மெத்து மண்ணுக்குள்ள நுழைஞ்சதும் வேகம் குறையும், ஆட்டம் கூடும். ‘பூகம்பம் எத்தனை ரிக்டர்?’னு எல்லாரும் கேக்கறோம். ஆனா உங்க கட்டடத்துக்கு முக்கியமான கேள்வி, ‘அது எதுக்கு மேல நிக்குது?’ங்கிறதுதான்.

நம்ப முடியலைன்னா மெக்சிகோ சிட்டிக்கு வாங்க. 1985 செப்டம்பர் 19. பூகம்பம் நடந்தது 350 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலோரம். ஆனா தலைநகரத்துல நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விழுந்து ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. காரணம்? ஊரோட நடுப்பகுதி டெஸ்கோகோங்கிற பழைய ஏரிப் படுகை மேல இருக்கு. அடியில தண்ணி ஊறின களிமண். அதே ஊர்ல ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகம், எரிமலைக் குழம்பு இறுகின பாறை மேல இருக்கு. அங்கே பதிவான அதிர்வைப் போல நாலஞ்சு மடங்கு, ஏரிப் படுகையில வெச்சிருந்த கருவியில பதிவாச்சு. அதே ஊர், அதே நிமிஷம். மண்ணுதான் வேற.

அதுவும் எல்லாக் கட்டடமும் விழலை. அதிகம் அடி வாங்கினது ஆறுல இருந்து பதினஞ்சு மாடி வரை இருந்த நடுத்தர உயரக் கட்டடங்கள். ஊஞ்சலை அது வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா சின்னப் பையன் கூட உச்சிக்கு ஏத்திடலாம் இல்லையா? அந்தக் களிமண் ஒரு ஆட்டம் ஆட ரெண்டு விநாடி எடுத்துக்கிட்டுது. எந்தக் கட்டடத்தோட ஆட்டம் அதோட ஒத்துப் போச்சோ, அதுக்கு ஊஞ்சல் கதிதான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. தி.நகர்ல ஷாப்பிங் போறீங்களே, அது 1920-கள்ல மாம்பலம் ஏரியை வற்ற வெச்சு உருவாக்கின இடம். மேற்கு மாம்பலத்துல ‘லேக் வியூ ரோடு’னு பெயர் மட்டும் நிக்குது, லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்துல ‘டேங்க் பண்ட் ரோடு’. சென்னையோட தெருப் பெயர்களே ஒரு மண் ரிப்போர்ட் மாதிரிதான்.

இன்னொரு வகை ஆபத்தும் இருக்கு. எலியட்ஸ் பீச்சுக்குப் போனா அலை வந்து போன ஈர மணல்ல நின்னு, காலை வேகமா ஆட்டிப் பாருங்க. கெட்டியா இருந்த மணல் கொழகொழன்னு ஆகி, பாதம் உள்ளே இறங்கும். பூகம்பத்துல தண்ணி நிறைஞ்ச தளர்வான மணலும் இப்படித்தான் திரவம் மாதிரி நடந்துக்கும். 1964-ல ஜப்பானோட நிகாட்டா நகரத்துல நாலு மாடிக் குடியிருப்புகள் உடையாமலே அப்படியே பக்கவாட்டுல சாய்ஞ்சு படுத்துடுச்சு. கட்டடத்துல தப்பே இல்லை, கீழே இருந்த மணல்தான் கைவிட்டுடுச்சு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணல் பகுதியில கட்டறவங்க கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் இது.

மலைக்கும் ஏரிக்கும் நடுவுல...

சரி, நங்கநல்லூர் கடலை மிட்டாயா, கேசரியா? ரெண்டும்தான்! அதனாலதான் இந்த ஊர் சுவாரசியம்.

ஒரு பக்கம் பரங்கிமலை. அந்த மலையும், பல்லாவரம் குன்றுகளும் ‘சார்னோக்கைட்’ங்கிற கறுத்த, இரும்பு மாதிரி உறுதியான பாறை. இந்தப் பெயருக்கே ஒரு குட்டிக் கதை இருக்கு. கொல்கத்தாவை நிறுவினவர்னு சொல்லப்படற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல், நம்ம பக்கத்துப் பாறையால ஆனது. அந்தக் கல்லை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலண்ட், 1893-ல அவர் பெயரையே பாறைக்கு வெச்சுட்டார். உலகம் முழுக்க நிலவியல் படிக்கிற பசங்க உச்சரிக்கிற பெயர் அது. பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாவே அறிவிச்சிருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறப்ப ஒரு சல்யூட் அடிங்க.

இன்னொரு பக்கம் ஏரிகள். ஆதம்பாக்கம் ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, மூவரசம்பட்டு, கொஞ்சம் தள்ளி வேளச்சேரி ஏரி, அதுக்கப்புறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பொதுவா, மலையை ஒட்டின இடத்துல பாறை மேலாகவே தட்டுப்படும். தாழ்வான பக்கம் போகப் போக மேலே களிமண், வண்டல் மணல், அதுக்குக் கீழே மக்கின பாறை, அதுக்கும் கீழேதான் உறுதியான பாறை. எந்த ஆழத்துல எது கிடைக்கும்ங்கிறது தெருவுக்குத் தெரு மாறலாம். சில சமயம் ஒரே மனையில இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமே மாறும்.

இதுல ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. ஏமாத்தறது மனுஷன் இல்லை, பாறை! இந்த வகைப் பாறை மக்கும்போது வெங்காயம் உரியற மாதிரி உரிஞ்சு, நடுவுல உருண்டைக் கற்களை விட்டுட்டுப் போகும். போர் போடறப்ப ‘டங்’னு ஒரு கல்லுல இடிச்சதும், ‘பாறை வந்தாச்சு’ன்னு மூட்டை கட்டினா போச்சு. அந்த உருண்டைக்குக் கீழே திரும்பவும் மெத்து மண் இருக்கலாம். அதனாலதான் நல்ல இன்ஜினியர் பாறை தட்டினதும் நிறுத்தாம, வைரக் கட்டர்ல இன்னும் சில மீட்டர் உள்ளே துளைச்சு, உருளை உருளையாக் கல்லை வெளியே எடுத்துப் பார்ப்பார். வெளியே வந்ததுல 10 சென்டிமீட்டருக்கு மேல நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம்னு அளந்து, பாறையோட தரத்துக்கு மார்க் போடுவாங்க.

அப்புறம், கிணறு! நங்கநல்லூர்ப் பழைய வீடுகள்னா கொல்லையில ஒரு கிணறு இருக்கும். வீட்டை இடிக்கும்போது அந்தச் செங்கல் குப்பையை எல்லாம் அதுலேயே கொட்டி மூடிடறாங்க. மேலே மண்ணைப் பரப்பினா, கிணறு இருந்த சுவடே தெரியாது. நாளைக்கு அதுக்கு மேல ஒரு தூண் வந்தா? மத்தத் தூண்கள் எல்லாம் கெட்டி மண்ணுல, இது மட்டும் குப்பை மேல. கட்டடம் மொத்தமா ஒரே அளவு இறங்கினா கூடச் சமாளிச்சுடலாம். ஒரு தூண் மட்டும் இறங்கினா, சுவர் விரியும், பீம் முறுக்கிக்கும். ஆட்டம் வர்ற நாள்ல முதல் அடி அங்கதான். முன்கூட்டியே தெரிஞ்சா தீர்வு சுலபம்: குப்பையை முழுக்க அள்ளிட்டு கான்கிரீட் நிரப்பலாம், இல்லைன்னா தூணையே நகர்த்தலாம். தெரியணும், அவ்வளவுதான்.

63.5 கிலோ குண்டு சொல்ற ரகசியம்

இப்ப அந்த மூணு கால் சட்டத்துக்கிட்ட திரும்பிப் போவோம்.

ஒரு சாண் அகலத்துக்கும் கம்மியா ஒரு குழி. மண் சரியாம இருக்க இரும்புக் குழாய் இறக்குவாங்க, இல்லைன்னா பென்டோனைட்ங்கிற களிமண் கரைசலை ஊத்துவாங்க. பொதுவா ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் துளைக்கிறதை நிறுத்திட்டு ஒரு சோதனை. நெடுக்குல ரெண்டாப் பிளந்து திறக்கிற மாதிரி ஒரு இரும்புக் குழாயைக் கம்பியில மாட்டி அடியில வைப்பாங்க. மேலே 63.5 கிலோ எடையுள்ள குண்டு. அதை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விடணும். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கற வரைக்கும் அடி. முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க, ஏன்னா குழியோட அடிமண் ஏற்கெனவே கலைஞ்சிருக்கும். அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி? அதுதான் ‘என்-வேல்யூ’. சாயில் டெஸ்ட்டோட ஹீரோ.

மணலுக்கு 4-க்குக் கீழே வந்தா ரொம்பத் தளர்வு. 10 வரைக்கும் தளர்வு. 30-க்கு மேல அடர்த்தி. 50 அடி அடிச்சும் இறங்கலைன்னா ‘ரெஃப்யூசல்’, மண் ‘போடா’ன்னுடுச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும் மக்கின பாறையோ பாறையோ வந்தாச்சு.

குழாயைப் பிளந்தா உள்ளே வந்த மண் இருக்கும். நிறம் என்ன, மணலா, களியா, எந்த ஆழத்துல மாறுச்சு, எல்லாத்தையும் எழுதணும். கலையாத மண்ணை மெல்லிய குழாய்ல எடுத்து, ஈரம் போகாம மெழுகு வெச்சு அடைச்சு லேபுக்கு அனுப்புவாங்க. அங்கே சலிச்சுப் பார்ப்பாங்க, அமுக்கிப் பார்ப்பாங்க. தண்ணி பட்டா உப்புமா, வெயிலுக்குச் சுருங்குமான்னு பார்ப்பாங்க. நிலத்தடி நீர் எந்த மட்டத்துல நிக்குதுன்னும் குறிக்கணும். மே மாச மட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில தண்ணி எங்கே ஏறும்னு சேர்த்து யோசிக்கணும். ஏன்னா ஊறின மண்ணோட தாங்கும் சக்தி வேற.

குழி தோண்டாமலே பார்க்கிற வழியும் உண்டு. தரையில வரிசையா சென்சார்களை ஊன்றி, ஒரு ஓரத்துல சுத்தியால ஓங்கி அடிப்பாங்க. அந்த அலை மண்ணுக்குள்ள எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். மேல் 30 மீட்டர்ல சராசரி வேகம் விநாடிக்கு 760 மீட்டரைத் தாண்டினா பாறை ரகம். 180-க்குக் கீழேன்னா அசல் கேசரி! சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் ஏ.பூமிநாதன் உள்ளிட்ட குழு, நகரத்தோட பல இடங்கள்ல மண் தகவல்களைத் திரட்டி, எந்தப் பகுதி எப்படி ஆடும்னு ஆராய்ஞ்சு 2008-ல கட்டுரை வெளியிட்டாங்க. நகரம் முழுசுக்கும் அது வழிகாட்டும். ஆனா உங்க மனைக்கு உங்க மனையிலதான் போர் போட்டாகணும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம்னு நினைக்காதீங்க. நம்ம வாஸ்து நூல்கள்லேயே ஒரு மண் பரிசோதனை இருக்கு. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போடணும். மண் மிஞ்சினா உத்தமம், சரியா இருந்தா மத்திமம், பத்தலைன்னா அந்த மனை வேண்டாம். மண் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு பார்க்கிற எளிய கணக்கு அது! ஆனா இன்னைக்கு நாம ஈசான மூலையை மட்டும் பிடிச்சுக்கிட்டு, குழி தோண்டறதை விட்டுட்டோம்.

15, 25... மறக்காதீங்க

2002-ல வந்த ஐ.எஸ். 1893, மூணு, நாலு, அஞ்சாம் மண்டலங்களுக்கு ஒரு எல்லைக்கோடு போட்டுச்சு. 5 மீட்டர் ஆழம் வரை என்-வேல்யூ குறைஞ்சது 15, 10 மீட்டரும் அதுக்குக் கீழேயும் 25 இருக்கிறது நல்லது. இல்லைன்னா மண்ணை இறுக்கிப் பலப்படுத்தணும், இல்லை பைல் போட்டு கீழே இருக்கிற கெட்டித் தளத்துக்குச் சுமையை இறக்கணும். அதே விதியில, உயரமான கட்டடங்களுக்குப் பாறையில 1 பங்கு விசைன்னா, மெத்து மண்ணுல 1.67 பங்குன்னு கணக்கு. விதிமுறைகளை அப்பப்ப திருத்திட்டே இருப்பாங்க. டிசைன் போடற அன்னைக்கு எது நடப்புல இருக்கோ, அதைப் பார்க்கணும்.

அப்போ சாயில் டெஸ்ட்டுங்கிறது வெறும் ‘எத்தனை டன் தாங்கும்?’ங்கிற ஒரே கேள்விக்கான பதில் இல்லை. தனித்தனி ஃபுட்டிங் போதுமா, மனை முழுக்க ஒரே ராஃப்டா, பைலா? ஃபுட்டிங்குகளை ஒண்ணோட ஒண்ணு டை பீமால கட்டணுமா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எந்த மண் வகைக்குக் கம்பிக் கணக்குப் போடணும்? எல்லாமே இந்த ரிப்போர்ட்ல இருந்துதான் ஆரம்பிக்குது. கீழே பார்க்கிங் தூண்கள் மட்டும் நிக்கிற கட்டடத்துக்கு, அந்தத் தூண்களை ரெண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொல்லிச்சு அதே 2002 விதி. அகமதாபாத் கொடுத்த விலை அது.

பூகம்பம் வந்தாத்தான் மண் பழிவாங்கும்னு இல்லை. 2014 ஜூன் 28-ம் தேதி, போரூர் பக்கம் மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழை மாலையில சரிஞ்சு 61 உயிர் போச்சு. பூமி ஆடவே இல்லை. அப்புறம் நடந்த விசாரணைகள்ல தூண்களோட வடிவமைப்பு, மண்ணோட தாங்கும் திறன் ரெண்டுமே கேள்விக்குள்ளாச்சு. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வெச்சுத் தகர்த்தாங்க. 2019-ல வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல, பதிவு பெற வேண்டிய வல்லுநர்கள் வரிசையில மண் பொறியாளருக்கும் இடம் உண்டு.

மேஜை மேல தோண்டின போர்

விதி இருக்கு. ஆனா நடைமுறை? கட்டுமானத் தொழில்ல இருக்கிற யாரையாவது டீக்கடையில பிடிச்சுக் கேட்டுப் பாருங்க, சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. பக்கத்துத் தெரு ரிப்போர்ட்டை வாங்கி, முகவரியை மட்டும் மாத்தறது. மூணு போர் போடறதா சொல்லி ஒண்ணோட நிறுத்தறது. 75 சென்டிமீட்டர் தூக்க வேண்டிய குண்டை, மத்தியான வெயில்ல கை சோர்ந்து 50-லேயே விடறது. எண்ணிக்கை தவறினா குத்துமதிப்பா ஒரு நம்பர் எழுதறது. இதுல பெரிய வில்லன் யாரும் இல்லை. ‘யார் பார்க்கப் போறாங்க?’ங்கிற நினைப்புதான் வில்லன்.

அந்த நினைப்பை உடைக்க ஒரே வழி, யாராவது பார்க்கிறது. அந்த யாராவது ஏன் நீங்களா இருக்கக் கூடாது? வீட்டை இடிச்சுக் கட்டக் கொடுக்கிறப்ப அப்பா கார்பெட் ஏரியாவைக் கேப்பார். அம்மா கிச்சன் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. தாத்தா வாஸ்து கேப்பார். மண்ணைப் பத்திக் கேக்க வீட்ல ஒரு ஆள் வேணும் இல்லையா?

கேளுங்க, தப்பே இல்லை!

* சாயில் ரிப்போர்ட்டோட முழு நகல் வேணும்னு கேளுங்க. கடைசிப் பக்க முடிவு மட்டும் போதாது.

* போர் போட்ட இடங்கள் குறிச்ச மனை வரைபடம் அதுல இருக்கா? உங்க மனை, உங்க தெருதானா?

* எத்தனை போர்? சின்ன கட்டடத்துக்கு நடுவுல ஒண்ணு போதும்னும், சுமார் ஒரு ஏக்கர் மனைன்னா நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணுன்னும் ஐ.எஸ். 1892 வழிகாட்டுது. ரெண்டு, மூணு கிரவுண்டை ஒண்ணாச் சேர்த்துக் கட்டறாங்கன்னா ஒண்ணோட விடாதீங்க.

* ஒவ்வொரு ஆழத்துக்கும் என்-வேல்யூ தனித்தனியா எழுதியிருக்கா? எல்லாம் அழகா 10, 20, 30-ன்னு வரிசையா இருந்தா சந்தேகப்படுங்க. மண் அவ்வளவு ஒழுங்கு கிடையாது!

* நிலத்தடி நீர் மட்டமும், அளந்த தேதியும் இருக்கா?

* ‘பாறை’ன்னு எழுதியிருந்தா, எத்தனை மீட்டர் உள்ளே துளைச்சுப் பார்த்தாங்க?

* பூகம்பக் கணக்குக்கான மண் வகை என்னன்னு போட்டிருக்கா? ஸ்ட்ரக்சுரல் டிசைன்ல அதையேதான் எடுத்திருக்காங்களா?

* போர் போடற அன்னைக்கு ஒரு மணி நேரம் போய் நில்லுங்க. மொபைல்ல ரெண்டு போட்டோ. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நின்னாலே வேலை ஒழுங்கா நடக்கும்.

மண்ணைப் படிக்க ஆசையா?

சிவில் பசங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் டிசைன் சாஃப்ட்வேர் பின்னாடி ஓடறப்ப, மண் பக்கம் வர்றவங்க கம்மி. ஆனா மெட்ரோ, மேம்பாலம், துறைமுகம், காற்றாலை எதுவா இருந்தாலும் முதல்ல சைட்டுக்குள்ள போறது இவங்கதான். கிண்டி பொறியியல் கல்லூரியில மண் இயந்திரவியல் மற்றும் அடித்தளப் பொறியியல்ல எம்.இ. இருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில ஜியோடெக்னிக்கல் பிரிவு இருக்கு. ரூர்க்கி ஐ.ஐ.டி.யில பூகம்பப் பொறியியலுக்குன்னே தனித் துறை. ‘கேட்’ தேர்வு எழுதணும். இப்போதைக்கு ஆரம்பிக்கணும்னா, கான்பூர் ஐ.ஐ.டி. வெளியிட்ட ‘எர்த்குவேக் டிப்ஸ்’ படிங்க. சி.வி.ஆர்.மூர்த்தி எழுதின 24 குட்டிக் கட்டுரைகள். படம் போட்டு, ப்ளஸ் டூ பையனுக்கும் புரியற மாதிரி இருக்கும். ஒரே ஒரு கண்டிஷன்: வெயில்ல நிக்கவும், சேறுல கை வைக்கவும் கூச்சப்படக் கூடாது.

கடைசியா ஒரு ஹோம்வொர்க்!

இந்த ஞாயித்துக்கிழமை, டி.வி.யை ஆஃப் பண்ணிட்டு வீட்ல இருக்கிற மூத்தவங்க பக்கத்துல உட்காருங்க. பாட்டியோ தாத்தாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ. மூணே கேள்வி. “இந்த மனையில கிணறு எங்கே இருந்துச்சு? செப்டிக் டேங்க் எங்கே? வீடு கட்டறதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்துச்சு? வயலா, குட்டையா, மேடா?” பதிலை ஒரு பேப்பர்ல படமா வரைஞ்சு, இன்ஜினியர் வர்ற அன்னைக்கு அவர் கையில கொடுங்க. மண் பரிசோதனையில முதல் படியே பழைய தகவலைத் திரட்டறதுதான். ஒரு சாண் குழி அந்தக் கிணத்தைத் தவற விட்டுடலாம். அதுல நாப்பது வருஷம் தண்ணி இறைச்ச பாட்டி விட மாட்டாங்க.

பூகம்பம் எப்ப வரும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அது வர்றப்ப உங்க வீட்டுக்குக் கீழே என்ன இருக்கும்னு இன்னைக்கே சொல்லிட முடியும். அடுத்த தடவை தெருவுல ‘டங்... டங்...’னு சத்தம் கேட்டா, தண்ணி வந்துச்சான்னு கேக்காதீங்க.

“அண்ணே, எத்தனை அடி?”ன்னு கேளுங்க. அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் நிச்சயம் சரியா எண்ணுவார்!